பள்ளி வாசலில் ஆயுதம் கண்டறியும் ஸ்கேனர்: வைத்தால் போதுமா?

மலர்விழி:
என் மகள் படிக்கும் பள்ளியில் போன மாதம் ஒரு பையனின் பையில் கத்தி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவி பார்த்துச் சொன்னதால்தான் தெரிய வந்தது. இப்போது வாசலில் ஏஐ ஸ்கேனர் வைக்கலாம் என்று பெற்றோர் குழுவில் பேச்சு ஓடுகிறது, விற்க வந்தவர் "பையைத் திறக்கவே வேண்டாம், பிள்ளைகள் நடந்து போனால் போதும்" என்கிறார். நம்பலாமா?

வாசல்காவல்:
மேடம், நான் 9 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மெட்டல் டிடெக்டருக்கு ஆயுதம் எது என்று தெரியாது, உலோகம் வந்தால் கத்தும். குடைக்கம்பி, லேப்டாப், எவர்சில்வர் பாட்டில் எல்லாவற்றுக்கும் கத்தும், சத்தம் தாங்காமல் அதன் உணர்திறனைக் குறைத்தால் சின்னக் கத்தி தப்பிவிடும். ஏஐ என்று பெயர் வைத்தாலும் இந்தச் சிக்கல் முழுசாகத் தீர்வதில்லை. 2022 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் யூடிகாவில் எவோல்வ் என்ற நிறுவனத்தின் ஏஐ ஸ்கேனர் வைத்திருந்த பள்ளிக்குள்ளேயே கத்தி போய், ஒரு மாணவனைக் குத்தியிருக்கிறார்கள். அந்த நிறுவனம் தன் கருவியின் திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 நவம்பரில் நடவடிக்கையே எடுத்தது.

அதனால் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கத்தியதும் யார் நிறுத்துவது, எந்த மேஜையில் பையைத் திறப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் நாற்பதாவது முறை பாட்டிலுக்காகக் கத்தும்போது நம் கை தானாகவே "போ, போ" என்று சைகை காட்டிவிடும், எனக்கே அப்படி நடந்திருக்கிறது. அப்புறம், பின்கதவைச் செங்கல் வைத்துத் திறந்து வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கணக்குடீச்சர்:
கேமராவில் துப்பாக்கியைத் தேடும் ஏஐயும் இருக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் அது சிப்ஸ் பாக்கெட்டைத் துப்பாக்கி என்று காட்டி, போலீஸ் வந்து ஒரு மாணவனுக்குக் கைவிலங்கு மாட்டியது. அந்தப் பிள்ளை அதை எப்படி மறப்பான்?

மலர்விழி, உங்கள் பள்ளியில் கத்தியைப் பிடித்தது ஒரு மாணவி. பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அமெரிக்க சீக்ரெட் சர்வீஸும் கல்வித்துறையும் ஆராய்ந்து 2002ல் அறிக்கை தந்தன. அவற்றில் 81 சதவீதத்தில் யாரோ ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருக்கிறது, பெரும்பாலும் கூடப் படிப்பவர்களுக்கு. சொன்ன அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

மலர்விழி:
டீச்சர், அவள் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. வகுப்பில் "ஒற்றன்" என்கிறார்களாம், இரண்டு நாளாகப் பள்ளிக்கே வரவில்லை என்று மகள் சொன்னாள். இன்று இரவே அவள் அம்மாவுக்கு போன் செய்கிறேன். விற்பவரிடம், காலை மணி அடிக்கும் நேரக் கூட்டத்தில் எங்கள் பிள்ளைகளின் பைகளை வைத்தே சோதித்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.

வாசல்காவல்:
சரியான முடிவு. ஒரு நாள் மட்டும் போதாது, ஒரு வாரம் கேளுங்கள்.