ஆணையிடுவது யார்? குடும்பக் குழுவில் ஐரோப்பியப் பாதுகாப்பு பற்றிய உரையாடல்

சித்தப்பா (கோப்பன்ஹேகன்), காலை 8.40
பிள்ளைகள், அமெரிக்காவை நம்பிய பழைய கூட்டணி தளர்ந்தால் ஐரோப்பா தனக்கென ஒரு புதிய கூட்டுப் பாதுகாப்பை உருவாக்க வேண்டுமா என்று நேற்று இங்கே தொடங்கிய பேச்சைப் பாதியில் விட்டுவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் 1992 இல் நிராகரித்த பின்னர், எங்கள் நாடு பெற்றுக்கொண்ட விதிவிலக்குகளுள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையில் சேராமல் இருக்கும் உரிமையும் ஒன்று. 30 ஆண்டுகள் காத்துவந்த அந்த விலக்கை 2022 ஜூன் 1 ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் ஏறக்குறைய 67 சதவீதத்தினர் கைவிடச் சொன்னார்கள். அவர்களுள் நானும் ஒருவன். அன்று எங்கள் மனதில் இருந்தது உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யா மட்டுமே. எங்கள் இராச்சியத்தின் பகுதியான கிரீன்லாந்தைப் பெறப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதியளிக்க 2025 ஜனவரியில் ட்ரம்ப் மறுத்தபோதுதான், கேள்வி வேறு திசையிலிருந்தும் வரக்கூடும் என்பது உறைத்தது. ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்ற எல்லா நாடுகளும் உதவ வேண்டும் என்ற நேட்டோ கூட்டணியின் 5 ஆவது உறுப்புரை இதுவரை ஒரே ஒருமுறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்னர், அமெரிக்காவுக்காகவே செயற்படுத்தப்பட்டது. அதன் தொடர்ச்சியாக ஆப்கானிஸ்தானில் 40 இற்கும் மேற்பட்ட டென்மார்க் வீரர்கள் இறந்தார்கள் என்பதை இங்கே எவரும் மறக்கவில்லை.

அண்ணா (பெர்லின்), காலை 9.05
சித்தப்பா, ஜேர்மனியில் இப்போது பணத்துக்குக் குறைவில்லை. 2022 இல் 100 பில்லியன் யூரோ சிறப்பு நிதி ஒதுக்கினார்கள். 2025 மார்ச்சில் அரசியலமைப்பையே திருத்தி, உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள் 2035 ஆம் ஆண்டுக்குள் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த செலவுக்கும் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்ற இலக்கை ஏற்றன. ஸ்பெயின் மட்டும் வெளிப்படையாக முரண்டுபிடித்தது. ஒவ்வொரு நாடும் தன் தொழிற்சாலைக்கே கொள்முதல் ஆணை கொடுக்க விரும்புவதால், இத்தனை பணமும் ஒரே படையாகத் திரளாமல் ஒன்றிய நாடுகளின் இருபத்தேழு படைகளாகச் சிதறுகிறது. ஒன்றியம் 150 பில்லியன் யூரோவைக் கடனாகக் கொடுத்துக் கூட்டாக வாங்கச் சொல்வது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

அக்கா (டப்ளின்), காலை 9.31
தம்பி, நீ எப்போதும் கணக்கிலேயே தொடங்குகிறாய். பழைய கூட்டணி தளர்கிறது என்றால் உடனே புதிய கூட்டணியை உருவாக்க வேண்டும் என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? அயர்லாந்து நேட்டோவில் என்றுமே இருந்ததில்லை. இங்குள்ள மக்கள் 2001 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் உடன்படிக்கையை நிராகரித்ததற்கு நடுநிலைமை பற்றிய அச்சமும் ஒரு காரணம். பன்னிரண்டு பேருக்கு மேற்பட்ட படையினரை வெளிநாட்டு நடவடிக்கைக்கு அனுப்புவதென்றால் ஐக்கிய நாடுகளின் ஆணை, அரசாங்கத்தின் முடிவு, பாராளுமன்றத்தின் ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற மூன்று பூட்டு முறையை வெறும் பழைய சம்பிரதாயமாக நான் பார்க்கவில்லை.

நான் (பாரிஸ்), காலை 10.12
பணத்தையும் நடுநிலைமையையும் விட ஆழமான இடத்தில் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1952 இல் ஒரே ஐரோப்பியப் படையை அமைக்கக் கையெழுத்திட்டன. யோசனையை முன்வைத்தது பிரான்ஸ். 1954 ஓகஸ்ட் 30 ஆம் திகதி 319 இற்கு 264 என்ற வாக்குகளால் அதைப் புதைத்ததும் பிரான்ஸின் பாராளுமன்றமே. டு கோலின் ஆதரவாளர்களும் பொதுவுடைமையினரும் ஒரே பக்கம் நின்ற அரிய சந்தர்ப்பம் அது. அந்த ஐரோப்பியப் படையும் கூட நேட்டோவின் ஐரோப்பியத் தளபதியின் கீழ்தான் செயற்பட இருந்தது. அந்தப் பதவியில் அன்று இருந்தவர் அமெரிக்கர். இன்றுவரை வேறெவரும் அதில் அமர்ந்ததில்லை. ஆகவே, ஐரோப்பியப் படைக்கு ஆணையிடும் ஐரோப்பியர் யார் என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் விடை எழுதப்படவில்லை. வாஷிங்டன் இருந்ததால் எழுதத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சித்தி (கோப்பன்ஹேகன்), காலை 10.20
ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கையில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று இருக்கிறது அல்லவா? அது போதாதா?

நான் (பாரிஸ்), காலை 10.44
சித்தி, 42 ஆவது உறுப்புரையின் 7 ஆவது பந்தியைச் சொல்கிறீர்கள். பாரிஸ் தாக்குதல்களுக்குப் பின்னர் 2015 நவம்பரில் பிரான்ஸ் அதைக் கோரியது. உதவி வந்தது, ஆனால் ஒவ்வொரு அரசும் பிரான்ஸுடன் தனித்தனியே பேசித் தன்னால் இயன்றதைக் கொடுத்தது. பிரசல்ஸில் எந்தக் கட்டளை மையமும் அதை நடத்தவில்லை. நெருக்கடிக்கு விரைந்து அனுப்பவென அமைக்கப்பட்டு 2007 இல் தயார்நிலைக்கு வந்த ஒன்றியத்தின் சண்டைக் குழுக்கள் ஒருமுறைகூடக் களத்துக்கு அனுப்பப்படவில்லை. அனுப்புவதற்கு எல்லா நாடுகளும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும்.

அண்ணா (பெர்லின்), காலை 11.02
அப்படியானால் ஒருமனதாக முடிவெடுக்கும் விதியை நீக்கிவிட வேண்டும். ஒரு நாடு கை உயர்த்தி இருபத்தாறு நாடுகளை நிறுத்திவைப்பதை எவ்வளவு காலம் பொறுப்பது?

அக்கா (டப்ளின்), காலை 11.15
அதை நீ பெர்லினில் இருந்துகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. நாட்டுக்கு வெளியே ஆயுதமேந்திய நடவடிக்கைக்குப் படை அனுப்புவதற்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உங்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. ஜேர்மன் வீரரின் உயிரைப் பற்றி ஜேர்மன் பாராளுமன்றமே முடிவெடுக்க வேண்டும் என்பதை நீ விட்டுக்கொடுப்பாயா? விட்டுக்கொடுக்க மாட்டாய் என்றால், அதே உரிமையை எங்களிடம் மட்டும் பிடிவாதம் என்று ஏன் அழைக்கிறாய்?

சித்தப்பா (கோப்பன்ஹேகன்), காலை 11.40
பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அணுவாயுதத்திலும் இதே கதைதான். ஐரோப்பியக் கூட்டாளிகளுக்குப் பிரான்ஸின் அணுவாயுதப் பாதுகாப்பை விரிப்பது பற்றிப் பேசத் தயார் என்று 2025 மார்ச்சில் மக்ரோன் அறிவித்தார். ஆனால் இறுதி முடிவு பிரான்ஸின் ஜனாதிபதியிடமே இருக்கும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். கோப்பன்ஹேகனில் வாழும் எனக்குக் குடை பிடிப்பவர் மாறுகிறார், அவரைத் தெரிவு செய்யும் வாக்கு எனக்கு இல்லை என்ற நிலை மாறவில்லை. இருந்தாலும், அந்தக் குறையோடு சேர்ந்து நிற்பதையே நான் தெரிவு செய்வேன். பெரிய நாடுகள் தமக்குள் பேசி முடித்துவிடும். மேசையில் இடமில்லாத சிறிய நாட்டுக்குச் செய்தி மட்டுமே வரும்.

அண்ணா (பெர்லின்), நண்பகல் 12.10
அக்கா, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது உண்மைதான். படை அனுப்பும் முடிவை அந்தந்தப் பாராளுமன்றங்களிடம் விட்டுவிட்டு, கொள்முதல், வான்பாதுகாப்பு, வெடிபொருள் இருப்பு ஆகியவற்றையாவது பெரும்பான்மை முடிவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் உங்கள் மூன்று பூட்டில் ஒரு திறப்பு மொஸ்கோவின் கையில் இருப்பது உங்களை உறுத்தவில்லையா?

அக்கா (டப்ளின்), நண்பகல் 12.38
உறுத்துகிறது. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவோ அமெரிக்காவோ சீனாவோ இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினால் எங்கள் படை புறப்பட முடியாது என்ற வாதத்தை முன்வைத்துத்தான், 2025 மார்ச்சில் அரசாங்கம் அந்த முதல் பூட்டை நீக்கும் வரைவைக் கொண்டுவந்தது. அதை மட்டும் நீக்குவதென்றால் நான் எதிர்த்து நிற்க மாட்டேன். ஆனால் அந்த வரைவு பன்னிரண்டு என்ற எண்ணையும் ஐம்பதாக உயர்த்துகிறது. ஐம்பது பேர் வரை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பில்லாமலே அனுப்பலாம் என்றால், 8,000 பேர் கூட இல்லாத எங்கள் படையில் அது சிறிய எண்ணிக்கையல்ல. என் தொகுதி உறுப்பினருக்கு அந்தப் பிரிவைப் பற்றி மட்டும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னர் வரைவை இங்கே போடுகிறேன், சித்தப்பா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.