கரைமடியை விற்றுவிடலாமா?

நீரோடிக்காரன்:
அப்பாவின் கரைமடி, கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற பெரிய வலை, ஓலைச் சாய்ப்பில் மூட்டையாகக் கிடக்கிறது. எலி கடித்த இடங்களை மட்டும் அவ்வப்போது உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார். தூத்தூரில் ஒருவர் கயிற்றோடு சேர்த்து விலை கேட்கிறார். அப்பா, "சாளைதான் திரும்பி வந்தாச்சே, விக்கக்கூடாது" என்கிறார். சாளை என்றால் மத்தி மீன். நான் சிறுவனாக இருந்தபோது அளவுக்கு மீறிப் பட்ட சாளையை மணலில் காயப்போட்டுத் தென்னைக்கு உரமாக ஏற்றிவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் அம்மா சந்தையில் காசு கொடுத்துச் சாளை வாங்கி வந்தார். அப்பா அன்று சாப்பிடவில்லை. உண்மையாகவே திரும்பி வந்துவிட்டதா?

தங்குகடல்:
விற்றுவிட்டு விசைப்படகில் ஏறு. கரையில் நின்று இழுக்கிற காலம் போச்சு.

வள்ளவிளை:
தம்பி, அப்பா சொல்வது பொய்யில்லை. கேரளக் கரையில் 2012-ல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் சாளை பட்டது, 2021-ல் வெறும் 3,297 டன். கொச்சியில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. குறைந்ததற்குக் காரணம் பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ, இங்கே கடல் சூடு என்கிறார்கள். குஞ்சையும் விடாமல் வாரியதைச் சேர்க்காமல் பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறகு சாளை வந்தது, ஆனால் பொடிசு. 2024 ஜூனில் கிலோ 400 ரூபாய் வரை போனது, சில மாதத்தில் 20, 30-க்கு வாங்க ஆளில்லை. 10 சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது.

சரி, மீன் வந்தது என்றே வைத்துக்கொள். மடியை எங்கே இழுப்பாய்? கரைமடிக்கு மணல் வேண்டும். கடலரிப்புக்குக் கல் போட்ட இடத்தில் மடி மாட்டினால் கிழிந்துதான் வரும். முன்பெல்லாம் இரண்டு கயிற்றிலும் சேர்த்து முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் பஹ்ரைனில், மீதி கொல்லம் பக்கத்து நீண்டகரைத் துறைமுகத்தில். எங்கள் மடியை 2019-ல் கடைசியாக இழுத்தோம். பதினொரு பேர், அதில் இரண்டு பேர் எழுபது தாண்டியவர்கள். மடி கரையேற உச்சி வெயில் ஆகிவிட்டது. உள்ளே ஒரு கூடை நெத்தோலி, ஒற்றைச் செருப்பு.

பொழியூர்:
எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்திலும் இதே கதைதான். திருவனந்தபுரம் கோவளத்தில் இன்னும் இழுக்கிறார்கள், சுற்றுலா வந்தவர்களும் கயிறு பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நீரோடிக்காரன்:
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு என்றதும் சிரித்தார், கல் என்றதும் எழுந்து போய்விட்டார். ராத்திரி வந்து, கயிற்றை மட்டும் கொடு, மடி இருக்கட்டும் என்றார். தூத்தூர்க்காரர் மடி இல்லாமல் கயிறு வேண்டாம் என்கிறார். எலிக்கு என்ன வைத்தால் போகும், யாருக்காவது தெரியுமா?