பேட்ரிக்கின் மார்புக்கவசப் பாட்டு: நோட்ஸ் இருக்கிறதா?

மார்ச் 17 புனித பேட்ரிக் திருநாள் திருப்பலிக்கு அவருடைய மார்புக்கவசச் செபத்தைப் பாடப்போகிறோம், அதாவது பழைய ஐரிஷ் மொழியில் இருந்ததை செசில் பிரான்சஸ் அலெக்சாண்டர் 1889இல் ஆங்கிலப் பாட்டாக்கியது (அவர் ஆங்கிலிக்கன், ஆனாலும் கத்தோலிக்கக் கோயில்களிலும் பாடுகிறார்கள்). சிக்கல் என்னவென்றால், ஸ்டான்ஃபோர்டின் இசையமைப்பில், கிறிஸ்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மெட்டே மாறிவிடுகிறது, ஆர்கன் வாசிக்கிற தம்பி அங்கே வந்ததும் தடுமாறுகிறான். அந்தப் பகுதிக்கு மட்டும் நாலு குரலுக்குமான நோட்ஸ் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்களேன். அப்புறம், பாட்டு ரொம்ப நீளம், எந்தச் சரணங்களை விடலாம்? சூரியன், நிலா, மின்னல், கடல் எல்லாம் வருகிற சரணத்தில் கைவைக்க எனக்கு மனசில்லை. முடியவே முடியாவிட்டால், இயேசு சபைக் குரு ஜேம்ஸ் க்வின் அதே செபத்திலிருந்து எழுதிய சின்னப் பாட்டுக்கு மாறிவிடலாம் என்றிருக்கிறோம்.