காரைக்குடி, தேவகோட்டைப் பெண் வழக்கறிஞர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். சட்டப் படிப்பை முடித்து நம் செட்டிநாட்டுக்குத் திரும்பும் பெண்களுக்குத் துணையாக ஒரு வட்டத்தை அமைக்க உங்கள் உதவியை நாடுகிறேன்.

சென்ற வாரம் புதிதாக வழக்கறிஞராகப் பதிவு செய்த ஒரு தங்கை, மடிப்புக் கலையாத கறுப்பு அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள ஒரு சீனியர் கிடைப்பாரா என்று நீதிமன்ற வாசலில் மாலைவரை காத்திருந்தார். பெண்கள் வழக்காடத் தடையில்லை என்று 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்ட பின்னும் இந்த நிலை நீடிப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. கிராமப்புற ஜூனியர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் தரலாம் என்று வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்ததும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்ல ஆளில்லை என்பதே உண்மை.

ஆகவே, ஒரு பெண் ஜூனியரையாவது ஏற்கக்கூடிய சீனியர் அக்காக்கள் முன்வர வேண்டுகிறேன். புதிய வழக்கறிஞர்கள் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வழிகாட்டக்கூடியவர்களும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்லும் பெண்கள் ஓரிரவு தங்க அங்கே பாதுகாப்பான இடம் அறிந்தவர்களும் தேவை. கூடிப் பேச, தங்கள் வளவு வீட்டில் ஓர் அறை தர இயலும் ஆச்சிமார் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். முதல் கூட்டத்தை இம்மாத இறுதிக்குள் நடத்த விரும்புகிறேன்.