நெரிசலில் மட்டும் சூடேறும் ஏழு இருக்கை வண்டி: ரேடியேட்டரா, மின்சாரமா?

ஈசூன்வாசி:
எங்கள் வண்டி 2008இல் சிங்கப்பூரில் பதிவானது. 2018இல், வண்டியை வைத்திருக்க அனுமதிக்கும் உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்தோம். சென்ற மாதம் குடும்பத்தோடு மலேசியாவின் ஜோகூருக்குப் புறப்பட்டபோது, உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். எல்லை தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல் வேண்டும் என்பது விதி; எங்கள் வண்டியில் வெப்பமானி முள்ளும் சேர்ந்து முக்காலைத் தொட்டுவிட்டது. ஏர்கான் வெதுவெதுப்பாக வீசியது. முன்னால் நின்ற லாரியின் பின்கதவில் விழுந்த எங்கள் விளக்கொளி அவ்வப்போது மங்கி மீண்டது. குடிநுழைவுச் சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. முதற் பணிமனையில் பேட்டரியை மாற்றினார்கள், இரண்டாவதில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்கு நீர் போகாமல் தடுக்கும் அடைப்பான்). அதன் பிறகும் அதே கதைதான். இப்போது எஞ்சின் நீரை ஆற்றும் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா, வண்டியைக் கைவிடலாமா?

பழைய டாக்சிக்காரர்:
தம்பி, இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இத்தனை வயதான ரேடியேட்டரின் குழாய்களில் துருவும் படிவும் அடைத்திருக்கும். அதை மூடியோடும் ரப்பர் குழாய்களோடும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினோம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விளக்கு சற்று மங்குவது எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். செலவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பதிவை நீக்கிவிடுங்கள். சான்றிதழில் மிஞ்சிய மாதங்களுக்கு உரிய பணம் திரும்பி வரும். பதினான்கு ஆண்டைக் கடந்த வண்டிக்கு 50 விழுக்காடு கூடுதல் சாலை வரி கட்டும் தொல்லையும் ஒழியும்.

அளவுகோல்:
ஐயா அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த முடிவை ஏற்க முடியவில்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தால், எஞ்சின் மிகுந்த வெப்பத்தை உண்டாக்கும் நெடுஞ்சாலை வேகத்தில்தான் முள் முதலில் ஏறியிருக்கும். இங்கே நேர்மாறாக, வேகமெடுத்து எதிர்க்காற்று அடித்ததும் முள் இறங்குகிறது. அப்படியானால், நின்ற இடத்தில் காற்றை இழுக்க வேண்டிய விசிறி தன் வேலையைச் செய்யவில்லை என்றே பொருள். ஏர்கானின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் அதே காற்றை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் கசடும் சேரும். நோய் அப்படியே இருக்க, முள் மட்டும் இறங்கிக் காட்டும்.

ஈசூன்வாசி அவர்களே, ஒன்று சொல்லுங்கள். விளக்கு மங்கும்போது உள்ளே மீட்டர் பலகையின் வெளிச்சமும் மங்கியதா?

ஈசூன்வாசி:
இல்லை. முகப்பு விளக்குகள் மட்டுமே மங்கின.

பழைய டாக்சிக்காரர்:
விசிறி சுற்றவே சுற்றாமல் இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். ஆனால் அது சுற்றுகிறது என்று நினைக்கிறேன். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சற்றுச் சோர்ந்து 14 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் கொடுத்தாலும் விசிறியின் வேகம் கொஞ்சந்தான் குறையும். அதற்காக வண்டி கொதித்துவிடாது. மின்சாரம் படித்தவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கம்பியாகவே தெரிகிறது. மூடியை யாராவது பார்த்தீர்களா? குளிர்விப்பு அமைப்பில் ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் நின்றால் தண்ணீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் 100இலேயே கொதித்து வெளியேறும். பத்து இருபது வெள்ளி (டாலர்) விலையுள்ள பொருள், ஆனால் யாரும் அதைத் தொடுவதில்லை.

அளவுகோல்:
12 வோல்ட் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பேட்டரியில் இருக்கும் வோல்ட்டும் விசிறிக்குப் போய்ச் சேரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாதிடுவதைவிட அளந்து பார்ப்பதே மேல். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கானையும் முகப்பு விளக்கையும் போட்டு, முதலில் பேட்டரி முனைகளில் அளக்கவும். பிறகு விசிறி சுற்றும்போதே அதன் இணைப்பியில் அளக்கவும். இறுதியாக, மீட்டரின் ஒரு முனையை விசிறியிலிருந்து மின்சாரம் திரும்பும் எர்த் கம்பியிலும் மற்றதைப் பேட்டரியின் எதிர்மின் (−) முனையிலும் வைக்கவும், அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் பழுது இருக்கிறது. கையும் சட்டை நுனியும் விசிறியருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் அது திடீரெனச் சுற்றலாம்.

ஈசூன்வாசி:
எங்கள் புளோக்கின் பல மாடி வாகன நிறுத்துமிடத்தில், மகன் கைவிளக்கைப் பிடிக்க, நேற்றிரவு அளந்தேன். பேட்டரியில் 13.1. விசிறியின் இணைப்பியில் 9.8. எர்த் பக்கத்தில் மட்டும் 2.7.

கம்பியைத் தொடர்ந்து போனால், அது பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில் முடிகிறது. முகப்பு விளக்குகளின் எர்த்தும் அதே போல்ட்டில்தான். தட்டைத் தூக்கியதும் போல்ட்டைச் சுற்றிச் சீனிக்கட்டி போல வெளிறிய பச்சைப் பொடி. எஞ்சினை நிறுத்திய பிறகு தொட்டேன், விரலைச் சுட்டது. பழைய பேட்டரி எப்போதோ கசிந்திருக்கிறது. புதிய பேட்டரியை வைத்தவர்கள் கீழே குனிந்து பார்க்கவில்லை.

அளவுகோல்:
விசிறி சோர்ந்ததற்கும், அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் விளக்கு மங்கியதற்கும் அந்த அரித்த எர்த் போல்ட்டே காரணம். பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிட்டு, சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தைக் கழுவி உலர்த்துங்கள். உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிய முனைவளையம் போட்டு முடுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும்.

பழைய டாக்சிக்காரர்:
எர்த் விஷயத்தில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், வண்டி நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
போல்ட்டைச் சுத்தம் செய்தபின் எர்த் பக்கத்தில் 0.1தான் காட்டுகிறது. சனிக்கிழமை கடற்பாலத்தில் ஐம்பது நிமிடம் நின்றோம், முள் நடுவைத் தாண்டவில்லை. பின்னிருக்கையில் அம்மா குளிர்கிறது என்று சால்வை கேட்டார்.

மூடியையும் பார்த்துவிட்டேன், ஐயா. ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. உள்ளே இருப்பது துருவைத் தடுக்கும் கூலண்டு அல்ல, தேநீர் நிறத்தில் வெறும் தண்ணீர். தெர்மோஸ்டாட்டை மாற்றியபோது குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள் போலிருக்கிறது. இந்த வாரம் அதை வடித்துக் கழுவி, கூலண்டு ஊற்றிப் புதிய மூடி போடுகிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றப்போவதில்லை.

பழைய டாக்சிக்காரர்:
கழற்றாவிட்டால் போகிறது. வடித்த தண்ணீரைக் கால்வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.