ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியா: புரோட்டான் கசிவா, வழுக்கலா? பிரித்தறிய உதவி தேவை

வணக்கம். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ரொட்டி ஈஸ்டிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, ஆக்சிஜன் மின்முனையில் அதன் சுவாச வேகத்தை அளந்து வருகிறேன். எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கடத்தும்போதே புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளும் சுவாசச் சங்கிலியில், நம் செல்களில் உள்ள முதலாம் கூட்டுநொதி (Complex I) இந்த ஈஸ்டில் இல்லை; அதன் இடத்தில் உள்ள, எலக்ட்ரான் தரும் மூலக்கூறான என்ஏடிஎச்-இலிருந்து எலக்ட்ரான்களைப் பெறும் என்ஏடிஎச் டிஹைட்ரஜனேஸ்கள் புரோட்டானை வெளியேற்றாமல் எலக்ட்ரான்களை மட்டும் கடத்துவதால், மூன்றாம், நான்காம் கூட்டுநொதிகள் இரண்டு எலக்ட்ரான்களுக்கு (அதாவது ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு) நகர்த்தும் 6 மின்னூட்டங்களே மிஞ்சுகின்றன. திரும்பி வரும் புரோட்டான்களைக் கொண்டு செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் ஏடிபி சின்தேஸ் நொதியின் சுழலும் சி வளையத்தில் 10 துணையலகுகள் இருப்பதால், பாஸ்பேட் கடத்தலுக்கான செலவையும் சேர்த்து ஓர் ஏடிபிக்குச் சுமார் 4.3 புரோட்டான்கள் தேவை. அதாவது, 6-ஐ 4.3-ஆல் வகுத்தால், ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு ஏறத்தாழ 1.4 ஏடிபி கிடைக்க வேண்டும்.

எனக்கோ, வெளியிலிருந்து என்ஏடிஎச் சேர்த்தால் இந்த விகிதம் 1-ஐத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. சுவாசம் மெதுவாக நடக்கும் எத்தனாலில் நிலைமை சற்றுத் தேவலை. உட்சவ்வு கசிகிறதா, அல்லது வேகம் கூடும்போது நான்காம் கூட்டுநொதி புரோட்டானை நகர்த்தாமலே வழுக்கி ஓடுகிறதா? மூன்றாம் கூட்டுநொதியைத் தடுக்கும் ஆன்டிமைசினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சவ்வு மின்னழுத்தத்தையும் சுவாச வேகத்தையும் ஒருசேர அளக்க எண்ணியுள்ளேன். இந்த மின்னழுத்தத்தை அளக்க, டெட்ராபினைல்பாஸ்போனியம் என்னும் நேர்மின் அயனியைக் கணக்கிடும் மின்முனை ஏற்றதா, ஒளிரும் ரோடமின் 123 சாயம் போதுமா என்பதை, ஈஸ்டில் செய்து பார்த்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கல் கரைசலில் 0.6 மோலார் மானிட்டால் பயன்படுத்துகிறேன்.