மறு: ஷாமன் – சாமியாடியா, மருளாளரா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆவிகளோடு தொடர்புகொண்டு ஊரின் நோய்நொடி பார்க்கும் 'ஷாமன்' (shaman) என்பவருக்கு, அச்சுக்குப் போகும் புத்தகத்தில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று மூன்று நாளாக ஓடும் இழையில் கடைசியாக வந்து சேர்கிறேன். ஆனாலும் இந்தச் சொல்லால் அடிபட்டவன் என்ற முறையில் பேச எனக்கு உரிமை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பில் ஷாமன் மரபைச் 'சமனிசம்' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் 'சமணம்' ஆக்கிவிட்டார். சைபீரியாவில் கலைமான் மேய்க்கும் சமணர்கள் பறையடித்து ஆவிகளை அழைப்பதாகப் புத்தகம் அச்சாகி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. வடமொழி 'ஸ்ரமண', பாலி 'சமண', நம் 'சமணர்' எல்லாம் ஒரே வேர். அந்தச் சொல்தான் பௌத்தத்தோடு நடு ஆசியா, சீனம் வழியாகப் போய் சைபீரியாவின் எவெங்கி மக்களின் வாயில் 'ஷமான்' ஆனது என்று ஒரு கட்சி. இல்லை, 'அறி' என்று பொருள்படும் அவர்கள் மொழி வேரிலேயே பிறந்தது என்று இன்னொரு கட்சி. எப்படியானாலும் 'சமன்' வேண்டாம். கிரந்தம் நீக்கி 'சாமன்' என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். சடங்குப் பொருள்கள் பற்றிய அத்தியாயத்துக்குச் 'சாமன்களின் சாமான்கள்' என்று தலைப்பு வைத்து, சென்னையில் ஒரு கல்லூரி வகுப்பில் வாசித்துப் பாருங்கள். அப்புறம் பாடம் நடக்காது.

> சாமியாடி என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அழகான சொல்தான் ஐயா, ஆனால் திசை மாறுகிறது. சாமியாடியிடம் தெய்வம் வந்து இறங்குகிறது. எவெங்கி ஷாமனோ தானே கிளம்பிப் போகிறார், மேலுலகத்துக்கோ கீழுலகத்துக்கோ. சைபீரிய மக்கள் பலருக்கு அவர் கையிலுள்ள பறைதான் குதிரை அல்லது மான். அடிக்கும் குச்சி சாட்டை.

அப்படியானால் 'ஆவிப்பயணி' என்று வைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதுவும் நொண்டும். 1951இல் மதவியல் அறிஞர் மிர்ச்சா எலியாடே இந்தப் பயணத்தைத்தான் இலக்கணமாக வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிய்த்துப்போட்டார்கள். கொரியாவின் ஷாமனான முதாங்கைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். மணிக்கொத்தும் விசிறியும் கையில் வைத்து ஆடுவார்கள். சிலர் வைக்கோல் வெட்டும் கத்தியின் அலகு மீது வெறுங்காலோடு ஏறி நிற்பார்கள். அங்கே தெய்வங்கள்தான் இவர்களைத் தேடி வருகின்றன. பயணத்தைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால் முதாங் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சாமியாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. போன ஆடியில் எங்கள் தெருவில், பெரம்பூரில்தான், கூழ் ஊற்றினார்கள். பம்பையும் உடுக்கையும் ஏறிக்கொண்டே போக, இட்லி மாவு விற்கும் அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து, கையில் வேப்பிலையோடு சுற்றிச் சுற்றி ஆடினார். நாக்கில் கற்பூரம் வைத்து மலையேற்றிய பிறகு பம்பைக்காரரிடம் கேட்டேன், "அண்ணே, இவங்களை என்னன்னு சொல்லுவீங்க?" கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "சாமி வந்தவங்க. எறங்கிட்டா அவங்க பேரு அவங்களுக்கு." பத்து நிமிடத்தில் அந்த அக்கா கூழ் அண்டா பக்கம் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதுதான் விஷயம். இங்கே அது ஒரு நிகழ்ச்சி. ஷாமன் என்பது ஒரு பொறுப்பு. நோய் வந்தாலும் வேட்டை பொய்த்தாலும் ஊர் அவரைத்தான் தேடிப் போகும். நம்மில் அதற்கு நெருங்கியவர் கோடாங்கி. உட்கார்ந்து உடுக்கையடித்து, என்ன கோளாறு என்று கண்டு சொல்பவர். கோடாங்கி என்பது முதலில் அந்த உடுக்கைக்கே பெயர், பிறகு அடிப்பவருக்கு. சங்க கால முருக பூசாரி வேலனும் அப்படித்தான், கையிலுள்ள வேலால் பெயர் பெற்றவன். (பாவம், தலைவிக்குக் காதல் நோய் என்று தெரியாமல் கழங்கு போட்டுக் குறி பார்த்து, முருகன் செயல் என்று சொல்லிப் பாட்டுக்குப் பாட்டு மாட்டிக்கொள்கிறான்.) கருவியால் பெயர் வைப்பது நம் வழக்கம்தான். ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரு சொல் வேண்டுமென்றால் உடுக்கையும் வேலும் எல்லார் கையிலும் இல்லையே.

குறுந்தொகை 23இல் வரும், பாடிக் குறி சொல்லும் அகவன் மகளை நினைவூட்டி 'அகவர்' என்று முன்மொழிந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் இன்றைக்கு 'அகவும்' என்றால் மயில், 'அகவை' என்றால் பிறந்தநாள் சுவரொட்டி.

'மந்திரவாதி'க்கு மட்டும் கடுமையாக மறுப்புச் சொல்கிறேன். 1692இல் டச்சுக்காரர் நிக்கோலாஸ் விட்சன் வெளியிட்ட நூலில் கொம்பு வைத்த ஷாமன் பறையோடு நிற்கும் படம் உண்டு. அவரைப் பேயின் பூசாரி என்று குறித்திருக்கிறார்கள். அதே ஆண்டு வடக்கு நார்வேயில் ஆண்டர்ஸ் பௌல்சன் என்ற சாமி இனக் கிழவரை, பறை வைத்திருந்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். (இந்தச் 'சாமி' அவர்கள் இனத்தின் பெயர், நம் சாமி இல்லை.) தோலில் வரைந்திருந்த உருவங்கள் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்னார். தீர்ப்பு வருமுன் காவலிலேயே கொல்லப்பட்டார். பறை டென்மார்க் போய், 2022இல்தான் சாமி மக்களின் அருங்காட்சியகத்துக்குச் சட்டப்படி சொந்தமாகியது. அப்படிப்பட்ட பொருளுக்கு 'மந்திர மேளம்' என்று நாம் பெயர்ப்பலகை எழுதினால், பறித்தவர்களின் சொல்லைத்தான் எழுதுகிறோம்.

சரி, என் கை எதற்கு? மருளாளர். கொங்குப் பக்கம் மருளாளி உயிரோடு இருக்கும் சொல். மருள் என்றால் மயக்கம், தாழ்வான சொல், அருளுக்கு எதிர்ச்சொல் என்று ஆட்சேபம் வந்திருக்கிறது. பக்தி நூல்களில் சரி. ஊரில் "மருள் வந்திருக்கு" என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போகிறார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள 'ஆள்'. எவெங்கிகளோடு பழகி எழுதிய ரஷ்யர் ஷிரோகோகோரோவ், ஷாமன் ஆவிகளுக்கு ஆட்பட்டவர் அல்ல, அவற்றை ஆள்பவர் என்றார். எங்கள் தெரு அக்காவை மருள் ஆண்டது. ஷாமன் மருளை ஆள்கிறார். போகிறாரா, வருவிக்கிறாரா என்ற சண்டையும் இதில் இல்லை. தனித்தனி மக்களைப் பேசும்போது அவரவர் பெயரே இருக்கட்டும்: சைபீரியாவின் சாகா மக்களிடம் ஆண் ஓயுன், பெண் உதகன், கொரியாவில் முதாங். பொதுப்பெயர் மருளாளர், மரபு மருளாண்மை. 'மருளியம்' என்றால் கட்சிக் கொள்கை மாதிரி இருக்கிறது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. சைபீரியக் கருவியை 'மேளம்', 'முரசு' என்று எழுத வேண்டாம். மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்தி, அடிப்பதற்கு முன் தீயில் காட்டி விறைப்பேற்றுவார்கள். நாம் பறை காய்ச்சுவதும் அதேதான். 'பறை' போதும். இமயமலைப் பக்கத்து புர்பாவைக் 'குத்துவாள்' என்கிறார்கள். அது மூன்று பட்டை வைத்த கூடாரமுளை, ஆவியை அடித்து நிறுத்துவதற்கு. 'முப்பட்டை முளை' என்றால் படமே வேண்டாம். கண்ணை மறைத்துத் தொங்கும் இழைகளுள்ள தலையணியை 'நெற்றிப்பட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரின் பொன் நெற்றிப்பட்டத் தகடுகளைப் பார்த்தவர்கள் குழம்பிப்போவார்கள். 'கண்மறைப்பு' என்று மாற்றலாமா?

அமேசான் மருளாளர்கள் கையிலுள்ள, சுரைக்குடுவைக்குள் விதை போட்ட மராக்காவுக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. 'கிலுகிலுப்பை' என்றுதான் வாய் போகிறது, உடனே தொட்டிலும் கூடவே வந்துவிடுகிறது. 'கிலுக்கி' எப்படி? திங்கட்கிழமை மூன்றாம் அத்தியாயம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள்.